இரண்டு வாய் ஹூக்கா

கௌஹர் தன் தகரப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பாரசீக வளைகுடாக் கரையிலிருந்த பூஷேரில் காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. பாய்மரங்கள் அசையவில்லை. வளைகுடாவுக்கு வெளியே பெருங்கடல் கொந்தளிக்கும் மாதங்கள் என்பதால் மரக்கலங்கள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. அவற்றின் தலைவர்களான நாகுதாக்களும் ஊரில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நாகுதா கலஃப். அவளுடைய புதுக் கணவர்.

முந்தின நாள்தான் அவள் ஊரான பொராஸ்ஜானில் நிக்காஹ் முடிந்திருந்தது. படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டதிலேயே கௌஹருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தாயை அடக்கம் செய்தபின் வந்த முதல் வரன் இது. மனைவி பரியை இழந்தவர், பிள்ளை இல்லை, சொந்த மரக்கலம். யார் வேண்டாம் என்பார்கள்?

கூடவே இறங்கிய கலஃப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். இரு பக்கமும் உயர்ந்த வீடுகள். பகலிலும் அங்கே தரையில் வெயில் விழுவதில்லை. வீட்டுக் கதவைத் திறந்ததும் உப்பும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாடை, நனைத்துப் பிழிந்த புகையிலையுடையது.

"புகைப்பீங்களா?" என்றாள்.

"விட்டுட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு."

மாடி அறைக்குக் கடலைப் பார்த்து ஐந்து கதவுகள். நடுவில் கம்பளம். அதன்மேல் எதிரெதிராக இரண்டு மெத்தைகள். இரண்டுக்கும் நடுவே, ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிற உயரத்தில், ஒரு ஹூக்கா. நீலக் கண்ணாடிக் குடம், கடைந்த மரத்தண்டு, மேலே மண் தலை, வாய்வைத்து இழுக்க நாணல் குழல். குடத்தின் கழுத்தைச் சுற்றிப் பாசிமணி வலை தொங்கியது.

எல்லாவற்றிலும் தூசி இருந்தது. ஹூக்காவில் இல்லை.

"இது பரியோடதா?"

"ம்."

"இனிமே நம்மளுதுன்னு சொல்லலாமே?"

கலஃப் பெட்டியை இறக்கி வைத்தார். "அது பழசு, கௌஹர். காத்து கசியும். உனக்குப் புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, குடத்தைப் பார்த்தார்.

மறுநாள் மதியத் தூக்கம் கலைந்த நேரத்தில் தெருப் பெண்கள் வந்தார்கள். அந்த ஊர் வழக்கம் அது. சாயும் வெயிலில் யாராவது ஒரு வீட்டில் ஹூக்காவைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேச வேண்டும். அடுத்த வீட்டு ஸனோபர் சித்திதான் தலைவி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

"வாடி புது நாகுதாப் பெண்டாட்டி! ஹூக்கா வைக்கத் தெரியுமா? இல்ல, உங்க பொராஸ்ஜான்ல ஒட்டகத்தை இழுக்க மட்டும்தான் தெரியுமா?"

"ஒட்டகம் இழுத்தா வந்துரும் சித்தி. இந்த ஊர்ப் பொம்பளைங்க வாயை இழுத்துப் பிடிக்கிறதுதான் கஷ்டம்னு சொன்னாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கௌஹருக்குத் தெம்பு வந்தது. கலஃப் வெளியே போயிருந்தார். அவள் மாடியிலிருந்து அந்த நீல ஹூக்காவையே தூக்கிவந்து நடுவில் வைத்தாள். சிரிப்பு நின்றது.

"அதையா எடுத்தே?" என்றாள் ஒருத்தி.

"ஏன், எடுக்கக் கூடாதா?"

குடத்தில் தண்ணீர் ஊற்றினாள். புகையிலையை நனைத்துப் பிழிந்து தலையில் அடைத்தாள். மேலே கங்குகளை அடுக்கினாள். ஸனோபர் சித்தி குழலை வாங்கிக் கன்னம் குழிய இழுத்தாள். தண்ணீர் அசையவில்லை. கங்கு சிவக்கவில்லை.

"வெறும் காத்துதான்டி வருது." சித்தி குழலைத் திருப்பிக் கொடுத்தாள். "பரி வெச்சா இது குயில் மாதிரி கூவும். ஹ்ம். அது அவ கைராசி."

மற்றவர்கள் தலையசைத்தார்கள். பரி சிரித்தால் எப்படி இருக்கும், பரி எப்படிப் பாடுவாள், நாகுதாவின் கலம் கரை சேரும் நாளில் பரி எந்த முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவாள் என்று பேச்சு அப்படியே போனது. கௌஹர் அவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள். கெட்டிலைப் பிடித்திருந்த கை எரிந்தது. அடுப்புச் சூடா, அடிவயிற்றிலிருந்து வந்த சூடா, அவளுக்கே தெரியவில்லை.

கௌஹரின் பிறந்த வீட்டில் தோல் தண்ணீர்ப்பை தைப்பதுதான் தொழில். ஊதிய பையைக் கன்னத்தருகே வைத்தாலே ஊசித்துளை எங்கே என்று சொல்லிவிடுவாள். ஒரு செத்தவளின் ஹூக்கா அவளிடம் தோற்காமல் எங்கே போகும்?

அடுத்த நாளே முற்றத்தில் அதோடு உட்கார்ந்தாள். மண் தலையைக் கழற்றிவிட்டுத் தண்டின் மேல்வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குழலை இழுத்துப் பார்த்தாள். கசிவு இல்லையென்றால் எதுவும் வரக்கூடாது. காற்று தாராளமாக வந்தது. தண்டு குடத்தில் இறங்கும் இடத்தில் ஈரத்துணியை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றினாள். தண்டில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தது. அதில் தேன்மெழுகை உருக்கித் தேய்த்தாள். மண் தலையின் அடியில் கோதுமை மாவைப் பிசைந்து அப்பினாள். குழல் நுழையும் துளையிலும் நூலைச் சுற்றினாள்.

மறுபடி பொத்தினாள். இழுத்தாள்.

காற்று.

ஸனோபர் சித்தி சுவர் மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னடி, இன்னும் அதோடதான் குடித்தனமா? அடி பைத்தியமே, அந்த மணி வலையைத் தூக்கிப் பாரு. அதுல ரெண்டு வாய் இருக்கு."

கௌஹர் பாசிமணிகளை விலக்கினாள். குடத்தின் தோளில், குழல் இருந்த துளைக்கு நேர் எதிரே இன்னொரு துளை. திறந்து கிடந்தது.

"அது புருஷன் பெண்டாட்டி ஹூக்கா. பஸ்ராவுல சொல்லிச் செஞ்சு வாங்கிட்டு வந்தாரு உன் வீட்டுக்காரரு. எதிரெதிரா உக்காந்துக்குவாங்க. இவரு இழுக்கும்போது அவ தன் குழலை விரலால பொத்திக்குவா. அவ இழுக்கும்போது இவரு பொத்திக்குவாரு. ஒருத்தர் மூச்சை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தாத்தான் அது ஓடும்." சித்தி பெருமூச்சு விட்டாள். "தெருவே கண்ணு வெக்கும்."

கௌஹர் மெழுகை உருட்டி அந்தத் துளையில் அடைத்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். தேவைக்கு மேலேயே அழுத்தினாள்.

இழுத்தபோது குடம் கூவியது. தண்ணீர் குதித்தது. இனித்த, கனத்த புகை நெஞ்சை நிறைத்தது.

அதை மாடியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, மாலையில் கலஃப் வந்ததும் காட்ட வேண்டும் என்று ஆசையாகக் காத்திருந்தாள். அவர் வந்து, மாடி ஏறி, எப்போதும்போல் அந்த மெத்தையில் உட்கார்ந்தார். அவள் கங்கு எடுத்து வருவதற்குள் அறையில் அவர் குரல் கேட்டது. மெல்ல, யாரிடமோ பேசுகிற குரல். அவள் வாசலில் வந்து நின்றதும் நின்றுவிட்டது.

இழுத்துக் காட்டினாள். காற்றுதான் வந்தது.

மணி வலையைத் தூக்கிப் பார்த்தாள். மெழுகு அங்கேதான் இருந்தது. ஆனால் உருகி வழியவில்லை, வெளியே பிதுங்கவுமில்லை. உள்பக்கமாகக் குழிந்திருந்தது. நடுவில் ஒரு கீற்று. உதடு பிரிந்த மாதிரி.

"நீங்க நோண்டினீங்களா?"

"நான் தொடலை."

"பின்னே யாரு தொட்டா?"

கலஃப் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதை மூடாதே, கௌஹர். அவளுக்கு இளைப்பு. கடைசி நாள்ல அஞ்சு கதவையும் திறந்து வெச்சும் போதலையாம். காத்து வேணும், காத்து வேணும்னு கேட்டுக்கிட்டே போயிருக்கா. நான் அப்போ கடல்ல இருந்தேன். வந்து பாத்தப்ப அவளைப் புதைச்ச மண்ணு காஞ்சு போயிருந்தது." மணி வலையைப் பழையபடி இறக்கிவிட்டார். "அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும். உன்கிட்ட வேற எதுவும் கேக்கலை."

வேறு எதுவும் கேட்கவில்லை என்பது உண்மைதான். சாப்பாடு எப்படி என்று கேட்கவில்லை, ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை, அவள் பக்கம் திரும்பிப் படுக்கக்கூட இல்லை. மண்ணுக்குள் கிடப்பவள் மூச்சுவிட இடம் வேண்டும் என்கிறார். உயிரோடு இருப்பவள் இந்த வீட்டில் எங்கே மூச்சு விடுவது?

அடுத்த சில நாட்களில் கௌஹர் அந்த அறையைக் கவனிக்கத் தொடங்கினாள்.

கீழே முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது மேலே தண்ணீர் கூவும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் யாருமில்லை. ஒருமுறை கங்கு வைத்துவிட்டுக் குழலை எடுக்கக் குனிந்தாள். யாரும் இழுக்கவில்லை. கங்கு மெல்லச் சிவந்தது. தணிந்தது. மறுபடி சிவந்தது.

எதிர் மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அலறிக்கொண்டு பொராஸ்ஜானுக்கு பஸ் ஏறியிருப்பாள். கௌஹருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட இன்னொன்று முந்திக்கொண்டது. கலஃப் உட்காரும் மெத்தைக்கு நேர் எதிரே அந்தப் பள்ளம். அவர் தினமும் யார் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று இப்போது தெரிந்தது.

"செத்த பிறகும் விட மாட்டியாடி?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்று வெள்ளிக்கிழமை. கலஃப் தொழுகை முடிந்ததும் அப்படியே கரைக்குப் போய், மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைக்கும் வேலையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். உச்சி வெயில். தெரு முழுக்கத் தூக்கம். காற்று இல்லை.

கௌஹர் மாடி ஏறினாள். கையில் மெழுகு, மாவு, துணி, ஒரு மரத்துண்டு, ஒரு சிறிய உலக்கை. மரத்துண்டை அந்தத் துளைக்குச் சரியாகச் செதுக்கி வைத்திருந்தாள். அதில் துணியைச் சுற்றி, மெழுகில் முக்கி, துளையில் வைத்து உலக்கைத் தலையால் தட்டி இறக்கினாள். அதற்கு மேல் மெழுகு. அதற்கு மேல் மாவு. அதற்கும் மேல் ஈரத்துணி. வேலை செய்யும்போது அவள் பிறந்த வீட்டுப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

கடைசி முடிச்சைப் போட்டபோது குடத்துக்குள் ஏதோ தட்டியது.

மெதுவாக.

நகத்தால் கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி.

அவள் கங்குகளை அடுக்கினாள். பரியின் மெத்தையில், அந்தப் பள்ளத்தின் மேலேயே உட்கார்ந்தாள். அது சில்லென்று இருந்தது. குழலை வாயில் வைத்து இழுத்தாள்.

குடம் பாடியது. இதுவரை கேட்காத தெளிவு. ஒரு துளி கசிவு இல்லை. நீலக் கண்ணாடிக்குள் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்தது. புகை பட்டுப்போல் இறங்கியது. "இப்ப யாருது?" என்று அவள் சிரித்தாள். மறுபடி இழுத்தாள். இன்னொரு முறை.

நான்காவதாக இழுத்து முடித்துக் குழலை எடுக்கப் போனாள்.

எடுக்க முடியவில்லை.

உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. குழலுக்குள்ளிருந்து யாரோ இழுத்தார்கள்.

முதலில் வாயிலிருந்த புகை போனது. பிறகு நெஞ்சிலிருந்த காற்று. தண்ணீர் குழலை நோக்கி எழும்பியது. அவள் மூக்கால் மூச்செடுக்கப் பார்த்தாள். எடுத்ததெல்லாம் அப்படியே குழலுக்குள் போனது. கன்னம் உள்ளே ஒட்டியது. விலா எலும்புகள் ஒன்றையொன்று நெருக்கின. காதில் கடல் இரைந்தது. கடலோ அசையாமல் கிடந்தது.

கண்ணாடியின் நீலத்தில் தன் முகம் தெரிந்தது. வாய் திறந்து, கண் பிதுங்கி, காற்றுக்குத் தவிக்கிற முகம்.

கௌஹரின் வாயோ குழலோடு ஒட்டி மூடியிருந்தது.

அந்த முகம் அவளுடையது இல்லை.

எங்கிருந்து வந்த பலமோ, பக்கத்தில் கிடந்த உலக்கையை எடுத்துக் குடத்தின்மேல் ஓங்கி அடித்தாள். கண்ணாடி வெடித்தது. தண்ணீர் கம்பளத்தில் பரவி, கங்குகள் சீறி அணைந்தன. குழல் உதட்டை விட்டது. அவள் மல்லாந்து விழுந்தாள்.

அறையில் சத்தமே இல்லை.

பிறகு ஒரு மூச்சு கேட்டது. நீண்ட, ஆழமான, நெடுநேரம் தண்ணீருக்கடியில் கிடந்தவர் மேலே வந்து எடுக்கிற முதல் மூச்சு. எவ்வளவு ஆசையான மூச்சு அது! முடிவே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அது தன் நெஞ்சுதான் என்பது, நெஞ்சு உயர்வதைப் பார்த்தபிறகுதான் கௌஹருக்குத் தெரிந்தது.

கலஃப் வந்தபோது அவள் சில்லுகளைப் பெருக்கி ஓரமாகக் குவித்திருந்தாள். கை தவறிவிட்டது என்றாள். அவர் மரத்துண்டையும் மெழுகையும் மாவையும் பார்த்தார். ஏசவில்லை, அடிக்கவில்லை. நீலச் சில்லுகளை ஒன்றுவிடாமல் தன் தலைத்துணியில் பொறுக்கி முடிந்துகொண்டு கடலுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

அதன்பிறகு அவர் அவளோடு பேசவில்லை. அந்த அறைக்கும் போகவில்லை. ஒரு மெத்தையை ஸனோபர் சித்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். கௌஹர் ஐந்து கதவுகளையும் சாத்தித் தாழிட்டாள். கூவல் இல்லை. வாடை இல்லை. அது போய்விட்டது என்று சுவரைத் தடவித் தடவிச் சோதித்துப் பார்த்தாள். போயே விட்டது.

ஜெயித்தாயிற்று. இனிக் காத்திருந்தால் போதும். எந்த ஆம்பளையின் மௌனம்தான் காலமெல்லாம் நிற்கும்?

காற்று திரும்பி வந்த நாளில் கலஃப் ஒரு பெரிய மீனோடு வந்தார். மரக்கலத்தைத் தண்ணீரில் இறக்கும் நாள் நெருங்கியிருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மீனை அவள் கையில் கொடுத்து, "குழம்பு வை" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த வார்த்தை. கௌஹர் புளியைக் கரைத்தாள், மல்லித்தழையையும் வெந்தயக்கீரையையும் நறுக்கி வதக்கினாள், பூண்டு தட்டிப் போட்டாள். அடுப்படியில் நிற்கும்போதே மனது வேறெங்கோ போய்விட்டது. திரும்பி வந்தபோது குழம்பு கொதித்து இறங்கியிருந்தது.

சோற்றில் ஊற்றி முற்றத்தில் வைத்தாள். கலஃப் ஒரு வாய் எடுத்தார். மென்றார். நிறுத்தினார்.

"இதுல என்ன போட்டே?"

"என்ன? எப்பவும் போடறதுதான்."

"பேரீச்சம்பழம் கரைச்சு ஊத்தியிருக்கே."

"இல்லியே."

"பொய் சொல்லாதே. புளி கூடிப்போனா ரெண்டு பழத்தைப் பிசைஞ்சு ஊத்துவா. யார்கிட்டயும் சொல்ல மாட்டா, ஸனோபர் சித்திக்கே தெரியாது. உனக்கு யாரு சொன்னா?"

கௌஹர் தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் பழத்தின் பிசுக்கு ஒட்டியிருந்தது.

கலஃப் தட்டை நகர்த்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. யாருமே அவளை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்காகத்தான் அவள் மெழுகு உருக்கினாள், மாவு பிசைந்தாள், உலக்கையைத் தூக்கினாள். அவர் கண் நிறைந்து வழிந்தது. கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார்.

"பரி?" என்றார்.

நான் கௌஹர் என்று கத்த அவள் மூச்சை இழுத்தாள். கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். முற்றத்தில் ஒரு சத்தமும் எழவில்லை.

அவளுடைய வாய் சிரித்தது. அவளுடைய கன்னம் அவர் உள்ளங்கையில் சாய்ந்தது.

"சொல்லுங்க, என் உயிரே," என்றது, அவள் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரல். "இந்தத் தடவை கடலுக்குப் போகாதீங்க."